ஜாஸ்ப் மென்பொருளோடு நான்கு வருஷம்: 78 வர வேண்டிய இடத்தில் 54

மருத்துவ உளவியல் எம்.ஃபில். சேர்ந்த மாதமே ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கணினியில் ஏற்றினேன். நான்கு வருஷமாகப் புள்ளியியல் படிப்பதும் இப்போது ஜூனியர்களுக்குக் காட்டுவதும் அதில்தான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, முழுக்க இலவசம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் முதல் நாளே தொடங்கிவிடலாம்.

பெரிய பாடம் என் முதல் ஆய்விலேயே கிடைத்தது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 40 பேரைத் தொடக்கத்தில், முடிவில், மூன்று மாதம் கழித்து என மூன்று முறை அளந்திருந்தோம். ஒரே ஆட்களைப் பல முறை அளந்து சராசரிகளை ஒப்பிடும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா சோதனையைப் போட்டேன். உண்மையில் மாற்றமே இல்லையென்றால் இப்படி வரும் வாய்ப்பைச் சொல்லும் பி மதிப்பு 0.001-க்கும் கீழே! ஓடிப்போய் என் வழிகாட்டி மேடத்திடம் காட்டினேன். மேடம் பி மதிப்பைப் பார்க்கவே இல்லை. எத்தனை பேரின் தரவு கணக்கில் வந்தது என்று காட்டிக்கொடுக்கும் ‘டிஎஃப்’ கட்டத்தில் பேனாவை வைத்து, “இங்க 78 வரணும். ஏம்மா 54 இருக்கு?” என்றார்.

ஆட்களிலும் அளவீடுகளிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்க வேண்டும்: 40 பேர், மூன்று அளவீடு என்றால் 39 பெருக்கல் 2, அதாவது 78. 54 வந்தால் கணக்கில் இருப்பது 28 பேர்தான். ஒரு முறை வராமல் போனாலும் அந்த ஆளையே இந்தச் சோதனை விட்டுவிடும். நின்றுபோன 12 பேர் குணம் தெரியாமல் நின்றவர்களாக இருந்தால்? மிச்சம் இருப்பவர்களை வைத்துச் சிகிச்சை பலித்தது என்று எழுதியிருப்பேன்.

அப்புறம், ஓர் அளவீடு விடுபட்டாலும் ஆளை விட்டுவிடாத லீனியர் மிக்ஸ்ட் மாடல் கற்றுக்கொண்டேன். அதுவும் ஜாஸ்ப்பிலேயே இருக்கிறது. ஆளுக்கு ஒரு வரிசையாக இருந்த தரவை அளவீட்டுக்கு ஒரு வரிசையாக மாற்றவே ஒரு ஞாயிறு போனது. கணக்குக்குள் 40 பேரும் திரும்பி வந்தார்கள். முன்னேற்றம் இருந்தது, முன்பு தெரிந்ததைவிடச் சின்னதாக. வராமல் போன காரணம் கையிலுள்ள தரவில் ஓரளவு தெரிந்தால்தான் இந்தக் கணக்கையும் நம்பலாம்.

சரி, மனச்சோர்வு மதிப்பெண்ணின் சராசரி இறங்கியது. ஆனால் யார் யார் தேறினார்கள்? ஆய்வாளர்கள் ஜேக்கப்சனும் ட்ருவாக்ஸும் 1991-இல் தந்த நம்பகமான மாற்றக் குறியீடு இதற்குத்தான். அளவுகோலின் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 10, நம்பகத்தன்மை (திரும்ப அளந்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பது) 0.90 என்றால், கிட்டத்தட்ட 9 புள்ளியாவது இறங்கினால்தான் அது அளவீட்டுப் பிழையைத் தாண்டிய மாற்றம். புதிய நெடுவரிசை ஒன்றில் சூத்திரத்தைப் போட்டு ஒவ்வொருவராகப் பார்த்தேன். 31-லிருந்து 25-க்கு வந்திருந்த ஒரு அம்மாவைத் ‘தேறியவர்’ பட்டியலில் வைத்திருந்தோம். அவர் கோப்பை எடுத்து, அமர்வுகளைத் தொடரும்படி எழுதி வைத்தேன்.