நீடில் ஃபெல்டிங்: கிட் வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா?

நீடில் ஃபெல்டிங் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் எடுத்ததும் கேட்பது "எந்த கிட் வாங்கலாம்?" என்றுதான். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிட் வேண்டாம். நாலு ஊசி, 100 கிராம் வெள்ளைக் கம்பளி, அடியில் வைத்துக் குத்த நல்ல கனமான ஒரு திண்டு, இந்த மூன்றையும் தனித்தனியாக வாங்குங்கள். இரண்டு வழியிலும் காசு செலவழித்துப் பார்த்தவள் என்கிற முறையில் இதைச் சொல்கிறேன். கிட்டுக்கும் ஒரு இடம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த வேலையே தெரியாதவர்களுக்குக் கொஞ்சம்: நூலாக நூற்காத ஆட்டுக் கம்பளியை உருட்டி வைத்துக்கொண்டு, ஒரு தனி வகை ஊசியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஊசிக்குக் காது கிடையாது, அதன் விளிம்புகளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். வெட்டுகள் கீழ்நோக்கி இருப்பதால் உள்ளே போகும்போது இழைகளை இழுத்துக்கொண்டு போகும், வெளியே வரும்போது வெறுமனே வரும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை குத்தினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி இறுகி, குருவியாகவோ பூனையாகவோ காளானாகவோ நிற்கும். தையலும் இல்லை, பசையும் இல்லை.

நான் முதலில் வாங்கியது ஒரு குருவி கிட். பையைப் பிரித்தால் இரண்டு ஊசி, ஐந்து நிறத்தில் கொஞ்சம் கொஞ்சம் கம்பளி, பெருவிரல் தடிமனில் ஒரு வெள்ளை ஃபோம், ஆறு படம் போட்ட ஒரு தாள். முதல் படத்தில் கம்பளிக் குவியல். இரண்டாவது படத்தில் வழவழவென்று முட்டை மாதிரி உடம்பு. அந்த இரண்டு படத்துக்கும் நடுவில் ஒன்றரை மணி நேர வேலை இருக்கிறது, அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை! முதல் நாள் மாலையே ஒரு ஊசி முறிந்தது, மறுநாள் மற்றொன்று. ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்து குருவியின் வயிற்றில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது, அதைப் பிய்க்கப் போனால் கம்பளியும் சேர்ந்து வந்தது. எனக்குக் கை வரவில்லை என்றே நினைத்து மூட்டை கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். பல மாதம் கழித்து ஒரு தோழி வீட்டில் அவளுடைய பொருட்களை வைத்துக் குத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது, என் கையில் குறை இல்லை, அந்தப் பையில்தான் குறை.

அந்த ஊசிகள் ஏன் முறிந்தன? இது கைவேலைக்காகப் பிறந்த ஊசியே இல்லை. தொழிற்சாலையில் ஒரு பலகை முழுக்க ஊசிகளைச் செருகி, மேலும் கீழும் அடித்து ஃபெல்ட் துணி செய்யும் இயந்திரத்துக்கு ஆனது. 1980களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டேவிட், எலினோர் ஸ்டான்வுட் தம்பதி அதில் ஒரு ஊசியைக் கையில் எடுத்துக் குத்திப் பார்த்ததிலிருந்துதான் இந்தக் கலை பரவியது. இயந்திரத்தில் ஊசி நேராக இறங்கி நேராக ஏறும். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். சாய்த்துக் குத்தலாம், ஆனால் எந்தச் சாய்வில் போனதோ அதே சாய்வில் வெளியே வர வேண்டும். உள்ளே இருக்கும்போது நெம்பினால் முறியும். ஃபோம் மெல்லியதாக இருந்தால் நுனி மேசையில் இடித்தும் முறியும். என் மேசையில் அந்தக் குருவியின் ஞாபகமாகப் புள்ளிப் புள்ளியாக ஓட்டைகள் இருக்கின்றன.

அதனால் நான் முதலில் காசு போடச் சொல்வது ஊசியிலோ கம்பளியிலோ இல்லை, அடியில் வைக்கும் திண்டில். இதில் நாலு வழி இருக்கிறது. கிட்டில் வரும் மெல்லிய ஃபோம் முதலில் கழிந்துவிடும். சோபா தைக்கிற கடையில் கேட்டால் நல்ல கெட்டியான ஃபோம் துண்டு மலிவாகக் கிடைக்கும், குறைந்தது இரண்டு அங்குலத் தடிமன் பார்த்து வாங்குங்கள், சில மாதம் தாங்கும், பள்ளம் விழுந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது, சணல் சாக்குத் துணியில் பை தைத்து அதில் அரிசியை இறுக்கமாக நிரப்புவது. இது எனக்குப் பிடித்த வழி. பொடி உதிராது, உருவம் ஆடாமல் உட்காரும், அரிசி அசைந்து கொடுப்பதால் ஊசிக்கும் மோசம் இல்லை. ஆனால் நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் வண்டு வந்துவிடும். நான் அரிசியை நன்றாக வெயிலில் காயவைத்து, பையின் ஒரு பக்கத்தைத் தைக்காமல் கட்டி வைத்திருக்கிறேன், வேண்டும்போது மாற்றிக்கொள்ள. நாலாவது, கெட்டியான கம்பளித் திண்டு. பல வருடம் உழைக்கும், விலையும் அப்படித்தான். இந்த வேலை பிடித்துப்போன பிறகு வாங்கினால் போதும். தூரிகை மயிர் மாதிரி இருக்கும் பிரஷ் திண்டும் உண்டு, அது துணிமேல் பூ வேலை செய்கிறவர்களுக்கு, உருவம் செய்ய ஒத்துவராது.

கம்பளிக்கு வருவோம். கடைகளில் அழகழகாகச் சுருட்டி வைத்திருப்பது பெரும்பாலும் மெரினோ டாப்ஸ், அதாவது மெரினோ என்ற ஆட்டினத்தின் வாரிய கம்பளி. சீப்பால் வாரிய தலைமுடி மாதிரி எல்லா இழையும் ஒரே திசையில் பளபளவென்று இருக்கும். தொட்டால் விடவே மனசு வராது. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடச் சிரமமான பொருள் கிடையாது. மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்கு உட்பட்டது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அவ்வளவு மெல்லிசு. இழைகள் ஒரே வரிசையில் கிடப்பதால் சிக்க நேரம் எடுக்கும், ஊசி போன தடமும் மேலே குழி குழியாகத் தெரியும். அதற்கு எதிராக, பேட் என்று விற்பது சிக்கெடுத்து விரித்த கம்பளிப் பாளம், இழைகள் நாலாபக்கமும் ஓடும், அதனால் பாதி வேலை முன்பே முடிந்த மாதிரி. காரிடேல் ஆட்டுக் கம்பளியில் பேட் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், 25 மைக்ரானுக்கு மேற்பட்ட கொஞ்சம் முரட்டு இழை, சீக்கிரம் கெட்டிப்படும். இல்லையென்றால் கோர் வுல் என்று சாயம் போடாத வெள்ளையாக விற்பதை வாங்குங்கள். உடம்பு முழுவதையும் அதில் செய்துவிட்டு, நிறத்துக்கு மட்டும் மேலே ஒரு மெல்லிய படலம் மெரினோ போட்டால் போதும்.

நம் ஊர் ஆட்டு ரோமத்தில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை போன்றவை கறிக்காக வளர்க்கும் முடியாடுகள், அவற்றில் கம்பளி கிடையாது. கோயம்புத்தூர் ஆட்டுக்குக் கம்பளி உண்டு, முரடு. அதையும் மெரினோ உள்ளிட்ட வெளிநாட்டு இனங்களையும் கலந்து வந்த நீலகிரி ஆட்டின் கம்பளிதான் மெல்லியது. ஆனால் வெட்டிய கம்பளியை அலசி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, சிக்கெடுத்து வாரி எடுப்பது தனி வேலை. பத்து உருவம் செய்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

மலிவான கிட்டுகளில் கம்பளி என்று அக்ரிலிக் என்ற செயற்கை இழையை வைத்துவிடுகிறார்கள். குத்தினால் அதுவும் ஓரளவு சிக்கும், ஆனால் வழுக்கும், எவ்வளவு குத்தினாலும் கொழகொழவென்றே இருக்கும். சந்தேகம் வந்தால் நாலு இழையை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற அதே நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாக நிற்கும்.

ஊசிக்கு எண் பார்த்து வாங்க வேண்டும், எண் கூடக்கூட ஊசி மெலியும். 36 முரட்டு வேலைக்கு, 38 நடுத்தரம், 40 மேல்பூச்சுக்கும் கண், மூக்கு வைக்கவும். என் கிட்டில் வந்தவற்றுக்கு எண்ணே இல்லை. 38 இரண்டு, 36 ஒன்று, 40 ஒன்று என்று நாலு வாங்குங்கள். 38இல் ஸ்டார் என்று நாலு விளிம்பு உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது, மூன்று விளிம்பு ஊசியைவிட ஒவ்வொரு குத்துக்கும் அதிக இழையைப் பிடிக்கும். நுனியில் தடவியிருக்கும் நிறத்தை நம்பாதீர்கள், அது கடைக்குக் கடை மாறும். மூன்று ஊசி சேர்த்துப் பிடிக்கும் பேனா மாதிரியான கைப்பிடியை ஜப்பானின் க்ளோவர் நிறுவனம் செய்கிறது, பெரிய உடம்பை இறுக்க அருமையான சாதனம், ஆனால் ஒற்றை ஊசியில் கை பழகும்வரை தள்ளிப்போடுங்கள். மூன்று ஊசி ஒரே நேரத்தில் விரலில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இடது கையின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் தோல் உறை போட்டுக்கொள்ளுங்கள், ஊசி ஓடும்போது கண்ணை எடுக்காதீர்கள். முறிந்தால் நுனியைத் தேடி எடுக்காமல் வேலையைத் தொடராதீர்கள், குழந்தை கைக்குப் போகிற பொம்மை என்றால் இதில் தயவு தாட்சண்யமே கூடாது.

சரி, கிட் எங்கே ஜெயிக்கிறது? நிறத்தில். தனித்தனியாக வாங்கினால் குருவிக்கு வேண்டிய அந்தத் துளி கறுப்பும் ஒரு சிட்டிகை ஆரஞ்சும் பொட்டலம் பொட்டலமாக வாங்க வேண்டும், மிச்சம் வீட்டில் கிடக்கும். இது நமக்குப் பிடிக்குமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க நினைப்பவருக்கும், பதினான்கு வயது அக்கா மகளுக்குப் பிறந்தநாள் பரிசு தேடுபவருக்கும் கிட் சரியான பொருள்தான், எந்த ஆடு எந்தக் கம்பளி என்பதோடு ஊசி எண்ணும் வாங்கும்போதே எழுதியிருந்தால்.

ஏற்கெனவே கிட் வாங்கி வைத்திருந்தால் தூக்கிப்போட வேண்டாம். அந்த ஃபோமை மட்டும் குப்பையில் போட்டுவிட்டு அரிசிப் பை தைத்துக்கொள்ளுங்கள், 38ஆம் எண் ஊசி இரண்டும் கொஞ்சம் கோர் வுல்லும் தனியாக வாங்குங்கள். குருவிக்கு முன்னால் ஒரு பந்து செய்யுங்கள். ஆரஞ்சுப்பழ அளவுக்குக் கம்பளியை எடுத்து, முடிந்தவரை இறுக்கிச் சுருட்டி, ஒரே இடத்தில் நிற்காமல் திருப்பித் திருப்பிக் குத்தினால் எலுமிச்சை அளவுக்கு வரும். பெருவிரலால் அமுக்கும்போது குழி விழாமல் திரும்பி எழுந்தால் அதுதான் பதம். அப்புறம் கிட்டில் இருக்கும் அந்த ஐந்து நிறத்தையும் எடுங்கள், இறக்கைக்கும் அலகுக்கும் தாராளமாகக் காணும்.