பழைய பாஸ் படகு: ஃபைபரா, அலுமினியமா, ஜான் படகா?

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுகிறவருக்கு ஒருநாள் கரை போதாமல் போகும். மீன் எப்போதும் நம் வீச்சுக்குப் பத்தடி தள்ளித்தான் துள்ளும். அப்புறம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பழைய படகு விளம்பரங்களை மேய ஆரம்பிப்போம். எனக்கு அந்தப் பித்து பிடித்தபோது கையில் இருந்தது 8,000 டாலர். படகு, மோட்டார், டிரெய்லர், பாட்டரி, லைஃப் ஜாக்கெட் எல்லாமே அதற்குள் அடங்கியாக வேண்டும். நான்கு மாதம் அலைந்து பதினோரு படகு பார்த்தேன். அந்தத் தொகைக்குச் சிக்கியவை மூன்று ரகம்: இருபது வருடம் ஓடிக் களைத்த 18 அடி ஃபைபர்கிளாஸ் படகு, 150 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் மோட்டாரோடு; 40 முதல் 60 ஹெச்பி வரை மோட்டார் உள்ள 16, 17 அடி அலுமினியப் படகு; இல்லையென்றால் அடிப்பாகம் தட்டையான ஜான் படகு ஒன்றை மலிவாக எடுத்து, நாமே பலகை அடித்துத் தளம் கட்டிக்கொள்வது.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு குறைவு என்றால் அலுமினியம். ஆனால் அங்கே வந்து சேருவதற்குள் ஃபைபர் என்னை மூன்று முறை மயக்கியது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெயிலில் மினுமினுக்கும் அந்தப் பெயின்ட், தாழ்வான உடம்பு, மணிக்கு 60 மைல் வேகம். பெரிய ஏரியில் காற்று கிளம்பி அலை எழும்பும்போது ஃபைபர் படகு தன் எடையால் அதைக் கிழித்துக்கொண்டு போகும், அதே அலையில் அலுமினியம் நம் முதுகெலும்பை எண்ணிக் காட்டும். காலையில் பதினைந்து மைல் தள்ளிப் போய் மீன் பிடிக்கிற பழக்கம் இருப்பவருக்கு ஃபைபர்தான் சரி, இதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மோட்டார் தொங்குகிற பின்பலகை, அதாவது டிரான்ஸம், பழைய ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே வைத்த ப்ளைவுட்தான். யாரோ தண்ணீருக்கடியில் மீனைக் காட்டுகிற சோனார் கருவியை மாட்ட ஒரு ஸ்க்ரூவை முடுக்கி, ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார். பத்து வருடம் அதன் வழியே தண்ணீர் ஊறும், மரம் மட்கிவிடும். 1990-களிலிருந்து சில தயாரிப்பாளர்கள் மரத்தை விட்டுவிட்டு மட்காத கலவைப் பொருளுக்கு மாறினார்கள். அதனால் எந்த வருடம், எந்த மாடல் என்று துருவிக் கேட்க வேண்டும்.

நான் பார்த்த இரண்டாவது படகு நினைவிருக்கிறது. விற்பவர் மெழுகு போட்டுப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். மோட்டாரைப் பாதி தூக்கச் சொல்லி, அதன் அடிப்பாகத்தில் இரண்டு கையையும் ஊன்றி என் எடையைக் கொடுத்தேன். மோட்டார் மட்டும் அசைந்திருந்தால் சரி, அதோடு சேர்ந்து பின்பலகையும் மூச்சு விடுவது போல உள்ளே போய் வெளியே வந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். மேலே டக் டக் என்று கேட்டது, கீழே வரவர தொப் தொப். அனுமதி கேட்டுக் கீழ்ப்பக்க ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றியதும் டீத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு வழிந்தது. "நேத்து மழைங்க" என்றார். படகு நின்றது கூரை போட்ட ஷெட்டுக்குள்.

பின்பலகையைப் பிரித்து மாற்ற ஆள் வைத்தால் கூலி படகின் விலையில் பாதியைத் தாண்டிவிடும். சொந்தமாகச் செய்பவர்களும் உண்டு, ஒரு கோடைகாலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு. இன்னொரு திருட்டு எடை மிதவை நுரையில் ஒளிந்திருக்கும். ஒரு கன அடித் தண்ணீர் 62 பவுண்டு. தளத்துக்குக் கீழே நுரை ஊறிப்போன படகு 400 பவுண்டு கூடுதலாகச் சுமந்துகொண்டு, வேகம் வராமல், மோட்டார் மேல் பழி வரும்படி ஓடும். சந்தேகம் இருந்தால் டிரெய்லரோடு லாரி எடைமேடையில் ஏற்றி, தயாரிப்பாளர் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். சில டாலர் செலவுதான்.

அலுமினியத்தில் இந்த நோய் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதன் பின்பலகைக்குள்ளும் பல மாடல்களில் மரம் இருக்கிறது, கார்ப்பெட்டுக்குக் கீழே தளமும் ப்ளைவுட்தான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே போல்ட்டைக் கழற்றி, தகடை விலக்கி, உளுத்த பலகையை உருவிப் புதியதை அளந்து சொருகலாம். கையில் டிரில்லும் ஒரு நண்பனும் இருந்தால் ஒன்றிரண்டு வாரக் கடைசிகளில் முடிகிற வேலை. பழுது எங்கே என்று பார்க்க முடிகிறது, பார்த்ததை நாமே சரிசெய்ய முடிகிறது. குறைந்த காசில் வாங்குகிறவனுக்கு இதுதான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

அலுமினியத்துக்கென்று தனி வியாதி ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஆணி. வருடக்கணக்கில் அலையில் தட்டித் தட்டி ரிவெட்டுகள் தளர்ந்து கசியும். சோதிக்க எளிய வழி: படகை டிரெய்லரிலேயே வைத்து, வடிகால் அடைப்பானைப் போட்டு, உள்ளே நான்கைந்து அங்குலம் தண்ணீர் பிடியுங்கள் (நிறைய வேண்டாம், டிரெய்லர் தாங்காது). அரை மணி நேரம் கழித்துக் கீழே குனிந்து பார்த்தால் எங்கே சொட்டுகிறது என்று தெரியும், மார்க்கரால் வட்டம் போட்டுக்கொள்ளலாம். ஐந்தாறு சொட்டு என்றால் விலையைக் குறைக்கப் பேச்சு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிப்புக் கோட்டில் விரிசல் தெரிந்தால் மட்டும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். வெல்டிங் செய்த உடம்பில் ரிவெட் தொல்லை இல்லை, ஆனால் என் பட்ஜெட்டில் அது ஒன்றுகூடச் சிக்கவில்லை.

அலுமினியப் படகு சந்தையில் இவ்வளவு கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1978-இல், பாஸ் ப்ரோ ஷாப்ஸ் கடையை நிறுவிய ஜானி மாரிஸ் பாஸ் டிராக்கர் என்று படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றையும் ஒரே விலையில் விற்க ஆரம்பித்தார், மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். அதனால் உதிரி பாகம், பழைய மாடலைப் பிரித்துப் பார்த்தவர்களின் அனுபவம், எல்லாம் தேடினால் கிடைக்கும். இழுக்கிற வண்டியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். 17 அடி அலுமினியம் டிரெய்லரோடு 2,000 பவுண்டுக்குப் பக்கம் வரும், பல சின்ன எஸ்யூவி சமாளித்துவிடும். 18 அடி ஃபைபர் 3,000-ஐத் தொடும், அப்போது வண்டியையும் மாற்ற வேண்டிவரலாம். பெட்ரோல் கணக்கும் இருக்கிறது. முழு வேகத்தில் மோட்டாரின் ஹெச்பியைப் பத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை கேலன் குடிக்கும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 150 ஹெச்பிக்கு 15, 60 ஹெச்பிக்கு 6. கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும்.

ஜான் படகு பற்றி நிறையச் சொல்ல இல்லை. சின்ன ஏரி, ஆற்று ஓடை, பெட்ரோல் மோட்டாருக்கே அனுமதியில்லாத குடிநீர் நீர்த்தேக்கம், இவைதான் உங்கள் இடம் என்றால் 1448 அளவு, அதாவது 14 அடி நீளம், 48 அங்குல அடி அகலம், தாராளம். மிச்சக் காசில் நல்ல பாட்டரி வாங்கலாம். இரண்டு எச்சரிக்கை மட்டும். முன்தளத்தை உயரமாகக் கட்டினால் நின்று வீசும்போது படகு தொட்டில் ஆடும், அதனால் தளத்தைத் தாழ்வாக வையுங்கள். மட்காமல் இருக்க ரசாயனம் ஏற்றிய பலகை விற்பார்களே, அதை வாங்காதீர்கள். அதில் இருக்கிற செம்பு, ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். சாதாரண வெளிப்புற ப்ளைவுட்டை எல்லா விளிம்பிலும் எபாக்ஸி பூசிப் போட்டால் போதும்.

மோட்டாருக்கு வருவோம். மூன்று ரகத்திலும் உங்கள் பணத்தில் பெரும்பகுதி உண்மையில் இதற்குத்தான் போகிறது, படகு கூட வருகிற சாமான். கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, அமைப்பு எளிது, புகையும் சத்தமும் இலவசம். நேரடியாக எரிபொருள் பீய்ச்சுகிற டூ ஸ்ட்ரோக் சிக்கனமானது, ஆனால் கெட்டால் செலவு இழுக்கும். அந்த ரகத்தைச் செய்துவந்த எவின்ரூட் மோட்டார் தயாரிப்பையே பிஆர்பி நிறுவனம் 2020-இல் நிறுத்திவிட்டது. அதற்காக அது மோசமான மோட்டார் என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் அதைத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் இஎஃப்ஐ, அதாவது மின்னணு முறையில் எரிபொருள் பீய்ச்சுகிற ரகம், விலை கூடுதல், ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பும். நான் 60 ஹெச்பிக்கு ஆசைப்பட்டு, கடைசியில் 50 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக்கில் நின்றேன், வருத்தம் இல்லை.

எதுவானாலும் போனவுடனே மூடியைக் கழற்றி எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறார், குளிர்ந்த நிலையில் எப்படிக் கிளம்பும் என்பதை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், எல்லா சிலிண்டரிலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் ஆயில் சோதனையைக் கிளப்புவதற்கு முன்னாலேயே செய்யுங்கள். இரவெல்லாம் அசையாமல் நின்ற மோட்டாரில் தண்ணீர் கீழே தங்கியிருக்கும், அடி ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினால் அதுதான் முதலில் வரும். பால் கலந்த காபி போல ஆயில் வந்தால் சீல் போயிருக்கிறது. ஸ்க்ரூவின் காந்த முனையில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது சகஜம், துண்டு துண்டாக உலோகச் சில்லு இருந்தால் கியரே உதிர்கிறது.

காகித விஷயத்தில் மூன்று பார்வை. கொள்ளளவுத் தகட்டில் அதிகபட்ச ஹெச்பி எழுதியிருக்கும், அதை மீறிய மோட்டார் மாட்டியிருந்தால் காப்பீட்டில் தகராறு வரும். பின்பலகையின் வலதுபக்க மேல்மூலையில் 12 எழுத்து உடல் எண் இருக்கும், கடைசி இரண்டு இலக்கம்தான் மாடல் வருடம். ஆவணத்தில் இருப்பதும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 3114 என்று இருந்தால் 2014-இன் 31-ஆவது வாரம், அவ்வளவு பழைய டயர் என்றால் அதன் வரிப்பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றுகிற செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

சரி, படகு வந்துவிட்டது. மிச்சப் பணத்தை எதில் போடுவது? இங்கேதான் எல்லோரும் சோனார் திரையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் டிரோலிங் மோட்டாரிலிருந்து, அதாவது மீன் பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்துகிற சின்ன மின்சார மோட்டாரிலிருந்து, ஆரம்பிக்கச் சொல்வேன், ஏனென்றால் நாளில் முக்கால்வாசி நேரம் நம்மை நகர்த்துவது அதுதான். நூறு பவுண்டு எடைக்கு இரண்டு பவுண்டு உந்துவிசை என்பது பழைய கணக்கு, ஆளையும் சாமானையும் சேர்த்து எடை போட வேண்டும். ஜான் படகுக்கு 12 வோல்ட், 55 பவுண்டு போதும். 17 அடி அலுமினியத்துக்கும் கணக்குப்படி அது சமாளிக்கும், காற்றடிக்கிற ஏரியில் மட்டும் 24 வோல்ட் இல்லையே என்று ஏங்குவீர்கள். மிதியில் கம்பி இழுத்துத் திருப்புகிற பழைய ரகமா, ஜிபிஎஸ் வைத்து ஒரே இடத்தில் படகைப் பிடித்து நிறுத்துகிற ரகமா என்றால், தனியாகப் போகிறவர் கடன் வாங்காத அளவுக்கு நீட்டி இரண்டாவதை வாங்கலாம். முடிச்சு போடும்போது படகு புதருக்குள் போய்ச் சொருகாமல் இருப்பதன் அருமை தனியாகப் போனால்தான் தெரியும்.

பாட்டரியில் ஈய அமிலம் மலிவு. 100 ஆம்பியர் மணி பாட்டரி ஒன்று 60 பவுண்டைத் தாண்டும், ஆயுள் வேண்டுமென்றால் அதில் பாதியைத்தான் செலவழிக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதே அளவுக்கு 30 பவுண்டுக்குள், கிட்டத்தட்ட முழுவதையும் பயன்படுத்தலாம். முதலில் நான் ஈய பாட்டரியில் மிச்சம் பிடித்தேன். இரண்டு வருடத்தில் அது படுத்துக்கொள்ள லித்தியத்துக்கு மாறினேன், முன்பே மாறியிருக்கலாம். சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

சோனாரில் ஏழு அங்குலத் திரை, பக்கவாட்டுப் படம் காட்டுகிற வசதி, பழையதாகக் கிடைத்தால் அதுவே போதும். கார்மினின் லைவ்ஸ்கோப் 2018-இல் வந்த பிறகு தூண்டில் விழுவதையும் மீன் திரும்புவதையும் அப்படியே திரையில் பார்க்கலாம், அற்புதம்தான், ஆனால் திரையும் கருவியும் பாட்டரியும் சேர்ந்தால் நான் வாங்கின மோட்டாரின் விலையை எட்டிப் பிடிக்கும். அந்தப் பணத்தில் நான் செய்தது பழைய வயரிங்கை முழுக்கப் பிடுங்கி எறிந்தது. முன்னாள் சொந்தக்காரர்கள் நாலு பேர் நாலு காலத்தில் முறுக்கி டேப் சுற்றிய வயர்கள், ஒரு ஃபியூஸுக்கு ஐந்து இணைப்பு, எங்கேயும் போகாத ஒரு சிவப்பு வயர். வெள்ளீயம் பூசிய படகு வயர், ஃபியூஸ் பலகை, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சிவப்பு வயரைப் பின்தொடர்ந்து போனால் மூடிக்குக் கீழே, படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற பில்ஜ் பம்ப்பில் போய் நின்றது. அதன் மறுமுனை எதிலும் மாட்டப்படவே இல்லை. வாங்குகிற அன்று சுவிட்சைப் போட்டுப் பார்த்தோமே, உர்ர் என்று சத்தம் வந்ததே என்று யோசித்தேன். சத்தம் வந்தது பிடித்த மீனை உயிரோடு வைக்கிற தொட்டியின் (லைவ்வெல்) பம்ப்பிலிருந்து.