பெரிய பெர்ச்சுக்கு ஒரு மரமீன்: ரப்பாலா ஒரிஜினல் ஃப்ளோட்டர்

ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் மேலாரன் ஏரியில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு தேவையில்லை; சுவீடனின் ஐந்து பெரிய ஏரிகளிலும் கைத்தூண்டில் எல்லோருக்கும் இலவசம். அங்கே பெர்ச் மீனுக்கு 'அபோரே' என்று பெயர். ஒரு கிலோவைத் தொட்டுவிட்டால் அதுவே 'கிலோஅபோரே' ஆகிவிடும். அந்த அளவு மீனைக் குறிவைத்து, ரப்பாலா நிறுவனத்தின் ஒரிஜினல் ஃப்ளோட்டர் என்ற மிதக்கும் மர இரையை 7, 9, 11 செ.மீ. அளவுகளில் இரண்டு பருவங்களாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பின்லாந்தின் பையன்னே ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்த லவுரி ரப்பாலா, சிறுமீன் கூட்டத்துக்குள் பாயும் பெரிய மீன் நன்றாக நீந்துபவற்றை விட்டுவிட்டுத் தள்ளாடும் ஒன்றையே கவ்வுவதைக் கவனித்தார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் தாளை ஒட்டி, படச்சுருளை உருக்கிப் பூசி, அந்தத் தள்ளாட்டத்தை ஒரு போலி மீனுக்குக் கொடுத்தார். தக்கையின் இடத்துக்கு மிக இலகுவான பால்சா மரம் வந்துவிட்டது; தள்ளாட்டம் மாறவில்லை. இதை வாங்கலாமா என்ற கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

செப்டம்பர் மாதத்து விடியற்காலை ஒன்றில், நாணல் ஓரமாக, இடுப்பளவுத் தண்ணீரின் மேல் 9 செ.மீ. இரையை எறிந்து, ரீலை இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்தி, மீண்டும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பெர்ச், முதுகின் முன்துடுப்பை விசிறிபோல் விரித்துக்கொண்டு, பச்சை உடம்பின் கருப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரிய, இரைக்கு ஒரு சாண் பின்னால் வந்து நின்றது. நான் கையை அசைக்கவில்லை. இரை லேசாக ஆடியபடி மேலே எழும்பத் தொடங்கியதும், அதுவரை அசையாமலிருந்த மீன் வாயைத் திறந்து உறிஞ்சிக்கொண்டது. அளந்தபோது 43 செ.மீ. இருந்தது. பெரிய பெர்ச்சுகளில் பெரும்பாலானவை இப்படி ஓட்டத்தில் கவ்வாமல் நிறுத்தத்தில்தான் கவ்வின; அவசரமாகச் சுற்றிய நாட்களில் விரலளவுக் குஞ்சுகள் மட்டுமே வந்தன.

இதே வடிவத்தில், பாதி விலைக்கு, பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பிளாஸ்டிக் நகலையும் வாங்கியிருந்தேன். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் நிறுத்தியதும் அது வாலைக் கீழே தொங்கவிட்டு மரக்கட்டை போல மேலே வந்துவிடும்; பின்தொடர்ந்து வந்த மீன்கள் அந்த இடத்தில்தான் திரும்பிப் போயின. மர இரையிலும் முடிச்சை மூக்கோடு இறுக்கிக் கட்டினால் ஆட்டம் பாதியாகிவிடும். இரை தாராளமாக ஆடும்படி சிறு வளையம் விட்டுக் கட்டுவது நல்லது. அந்த முடிச்சுக்கே ரப்பாலா முடிச்சு என்றுதான் பெயர்.

குறைகள் எல்லாம் எடையிலிருந்து வருகின்றன. 9 செ.மீ. இரை 5 கிராம்தான். எதிர்க்காற்றில் எறிந்தால் காய்ந்த இலைபோலத் திரும்பிவந்து நம் காலடியிலேயே விழும். மெல்லிய பின்னல் நூலும் இலகுவான கம்பும் இல்லாதவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். இரைக்கு அரை மீட்டர் முன்னால் நூலில் சிறு எடைக்குண்டு ஒன்றைக் கவ்வவைத்தால் தூரம் கூடும். ஆட்டம் கொஞ்சம் குறையும். குளிர் ஏறி மீன்கள் ஆழத்துக்கு இறங்கிவிட்ட பிறகு, ஒன்றரை மீட்டரைத் தாண்டாத இந்த இரைக்கு அங்கே வேலையில்லை. அப்போது ஈயத்தலை கோத்த ரப்பர் மீனே பொருத்தம். பாறையில் மோதினால் பால்சா வெடிக்கக்கூடும் என்பதால் கற்கள் நிறைந்த கரையில் இதை எறிவதற்குக் கை வராது.

பெர்ச்சின் பற்கள் உப்புத்தாள்போலச் சொரசொரப்பானவை, அவ்வளவுதான், தூண்டில் நரம்பை அறுக்கமாட்டா. ஆனால் அதே நாணலில் பைக் மீனும் பதுங்கியிருக்கும், அது அறுத்துவிடும். எஃகுக் கம்பி கட்டினால் இவ்வளவு இலகுவான இரையின் மூக்கு தாழ்ந்துபோகிறது. நான் தடித்த ஃப்ளூரோகார்பன் நரம்பில் சமாதானம் செய்துகொண்டேன். முழுப் பாதுகாப்பு என்று சொல்லமாட்டேன். மும்முனை முட்களின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், திருப்பி விட வேண்டிய மீனைக் காயமில்லாமல் கழற்ற முடிகிறது.

அளவைப் பொறுத்தவரை, 7 செ.மீ. சிறிய பெர்ச்சுகளை மொய்க்கவைக்கிறது, 11 செ.மீ. பைக்கை அழைத்துவருகிறது, ஒன்றுதான் வாங்குவதென்றால் வெள்ளி நிறத்தில் 9 செ.மீ. வாங்குங்கள். பெரிய மீன் ஒன்று முறுக்கிவிட்ட பிறகு இரை இடப்பக்கமாக ஓடத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்: மூக்கிலுள்ள கம்பி வளையத்தைக் குறடால் மயிரிழை அளவு வலப்பக்கம் வளைத்தால் மறுபடியும் நேராக ஓடும்.