குழல்வாயில் கெட்டிக்கும் முதல் ரைஃபிள்: லைமன் கிரேட் பிளெயின்ஸ் வாங்கலாமா?

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு முதல்முறையாக குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மரத்தையும் பித்தளையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குண்டைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று முதலில் கேளுங்கள்.

நான் வைத்திருப்பது 54 காலிபர் (குழலின் உள்விட்டம் 0.54 அங்குலம்) லைமன் கிரேட் பிளெயின்ஸ், கேப் (சுத்தியல் அடித்தால் பொறி தரும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் வகை. லைமன் பெயரில் விற்றாலும் செய்தது இத்தாலியின் இன்வெஸ்ட்ஆர்ம். இதன் வரி 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அதாவது மெதுவான சுற்று. துணி சுற்றிய உருண்டை ஈயக் குண்டுக்கு இதுதான் சரி, ஏனென்றால் உருண்டைக்கு அதிகச் சுழற்சி தேவையில்லை, வேகமாகச் சுற்றும் குழலில் மருந்தைக் கூட்டினால் குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். 1970இல் வந்த தாம்ப்சன் சென்டர் ஹாக்கன் என்ற இன்னொரு ரைஃபிளில் 48 அங்குலம். அது உருண்டைக்கும் நீளக் குண்டுக்கும் பொதுவாக வைத்த கணக்கு, மோசமில்லை. ஆனால் உருண்டைதான் போடப் போகிறீர்கள் என்றால் எனக்கு 60தான்.

காலிபர் பற்றி ரொம்பக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மானுக்கு 50 போதும், எல்க் என்ற பெரிய மான் வரை யோசித்தால் 54. ஐம்பதின் குண்டு சுமார் 177 கிரெய்ன் (ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெய்ன்), ஐம்பத்துநான்கின் குண்டு சுமார் 224, அந்த எடை வித்தியாசம் இலக்கில் தெரியும். எதுவானாலும் நூறு கஜத்துக்குள் சுடுங்கள், உருண்டைக் குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும்.

மருந்தைப் பற்றவைக்கச் சக்கிமுக்கிக் கல்லா, கேப்பா? பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் தனி மான் வேட்டைப் பருவத்துக்குப் போகிறவர்களுக்குக் கல்தான், அங்கே வேறு அனுமதியில்லை. கல் துப்பாக்கிக்கு அசல் கரும்மருந்தே வேண்டும், மாற்று மருந்துகள் கல்லின் பொறி விழும் சிறு கிண்ணியில் சரியாகப் பற்றாது. மற்றவர்கள் கேப்பில் தொடங்குங்கள், குறி பார்க்கும் பழக்கம் முதலில் கைக்கு வரட்டும்.

லைமனில் எனக்கு மிகவும் பிடித்தது சுத்தம் செய்யும் வசதி. துப்பாக்கியின் மரக்கட்டையில் குறுக்கே செருகிய இரண்டு ஆப்புகளைத் தட்டி எடுத்தால் குழல் கொக்கியிலிருந்து கழன்று கையோடு வந்துவிடும். அடிப்பக்கத்தை வெந்நீர் வாளியில் நிறுத்தி, கெட்டிக்கும் கோலில் துணி சுற்றி மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கி மை மாதிரி கறுப்பாக வரும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். தெளிவாக வரும்வரை விடாதீர்கள், நன்றாகக் காய வைத்து எண்ணெய் போடுங்கள், சுட்ட அன்றைக்கே. மறுநாளுக்குத் தள்ளினால் துரு பிடிக்கும்.

குறைகளும் உண்டு. 32 அங்குலக் குழலோடு நான்கு கிலோவைத் தாண்டும் எடை, மலை ஏறுகிறவர்களுக்கு 28 அங்குல ஹாக்கன் மேல். கட்டையின் அடித்தகடு பிறை போல வளைந்தது, அதைத் தோள்குழியில் வைத்தால் வலிக்கும், தோளுக்கு வெளியே மேல்கையில் பொருத்த வேண்டும். ஆனால் அந்த எடையே நின்று சுடும்போது குழலை ஆடாமல் பிடித்து வைக்கிறது. இதில் இரண்டு விசைகள் உண்டு, பின்விசையை இழுத்து வைத்துவிட்டு முன்விசையைத் தொட்டாலே போதும் என்பதால் குறியும் கலையாது.

பழையதாக வாங்குகிறவர்கள் முதலில் கோலைக் குழலுக்குள் விட்டு, வாயருகே விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு வைத்து அளந்து பாருங்கள். கோல் அடிவரை போகவில்லை என்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கலாம். பல வருடம் பரணில் கிடந்த துப்பாக்கிகூட அப்படியே வரும், விற்பவருக்கே தெரிந்திருக்காது. அடுத்து இறுக்கமான துணியை உள்ளே ஓட்டுங்கள். ஓரிடத்தில் பிய்ந்து நூல்நூலாக வந்தால் அங்கே துரு அரித்திருக்கிறது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இன்னொன்று, நவீன புகையில்லா மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் இதில் போடாதீர்கள், குழல் வெடித்துவிடும்.