ஹெவி டிரைவிங் ஸ்கூல்ல சேரப் போறீங்களா? ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதப் படிங்க

சேலம், நாமக்கல் பக்கம் ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போற பசங்களுக்காகத்தான் இத எழுதறேன். ஸ்கூல் பேரு போடல, போட்டா எம்மேலயே கேஸ் குடுப்பான், அதுவுமில்லாம இந்த மாதிரி ஆளுங்க ஊருக்கு நாலு பேரு இருக்காங்க.

என் வீட்டுக்காரியோட தம்பி ரெண்டு வருஷமா டாடா ஏஸ் ஓட்டறான். லாரிக்குப் போனா காசு கொஞ்சம் கூட வரும்னு ஒரு ஸ்கூல்ல சேந்தான். மொத்தமா 22,000 ரூபா, அதுலயே ஹெவி லைசென்ஸ், டேங்கர்ல பெட்ரோல், கேஸ் மாதிரி ஆபத்தான சரக்கு ஓட்டறதுக்கு ஹசார்டஸ் சர்டிபிகேட், முடிச்சதும் வேலை, எல்லாம் சேத்துத்தான்னாங்க. ரசீது கேட்டதுக்கு விசிட்டிங் கார்டு பின்னாடி பேனால எழுதிக் குடுத்தாங்க. இத்தனைக்கும் சாரதிங்கற கவர்மெண்ட் லைசென்ஸ் சைட்ல கட்டற கவர்மெண்ட் ஃபீஸு எல்எல்ஆருக்கு 150, டெஸ்டுக்கு 300ன்னு சில்லறையாத்தான் வரும், மேல சர்வீஸ் சார்ஜ் கொஞ்சம் சேரும், மிச்சம் அத்தனையும் டிரெய்னிங்குக்குன்னு வாங்கற காசுதான்.

அந்த டிரெய்னிங் எப்படி நடந்துச்சுன்னா, ஒரு பழைய லாரி, பின்னாடி பாடில பத்து பசங்கள ஏத்திக்குவாங்க, ஊருக்கு வெளிய ஒரு காலி கிரவுண்டு, ஆளுக்கு ஒரு ரவுண்டு, ஃபர்ஸ்ட் செகண்ட் போட்டு வளைச்சுக் கொண்டாந்து நிறுத்தினா அன்னைக்கு கிளாஸ் முடிஞ்சுது. டிரெய்னிங் வண்டின்னா மாஸ்டர் பக்கமும் பிரேக், க்ளட்ச் இருக்கணும், இதுல அதெல்லாம் இல்ல, அந்தாளு பாதி நேரம் போன்ல இருந்தாரு. ரிவர்ஸ் ஒரு தடவ கூட குடுக்கல. ஏர் பிரேக்னா என்ன, காத்து ஏறுதான்னு மீட்டர எப்படி பாக்கறது, எஞ்சின் புகைய அடைச்சு வேகத்தக் குறைக்கற எக்ஸாஸ்ட் பிரேக் எப்ப போடறது, ஒண்ணுமே சொல்லல. தொப்பூர் கணவாய் இங்கிருந்து எவ்ளோ தூரம்? தர்மபுரில இருந்து சேலம் பக்கம் இறங்கறப்ப டீசல் மிச்சம்னு நியூட்ரல் போட்டு, பிரேக்கையே மிதிச்சு மிதிச்சு ட்ரம் சூடாகி பிரேக் பிடிக்காம முன்னாடி போற வண்டிங்க மேல ஏத்தின கதை எத்தனை பேப்பர்ல வந்துருக்கு. லோடு வண்டிய லோ கியர்லதான் இறக்கணும்ங்கற ஒரு வார்த்தைய சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்?

டெஸ்ட் அன்னைக்கு அதே லாரிய நேரா ஓட்டி திருப்பிட்டு வந்தான், பாஸ். லைசென்ஸும் வந்துருச்சு. அதத்தான் பெரிய சாதனை மாதிரி அந்த ஓனர் ஸ்டேட்டஸ்ல போட்டுக்கிறாரு.

வேலைன்னு அனுப்பினது சங்ககிரில ஒரு லாரி ஆபீஸுக்கு. அங்க ஓனர் நல்ல மனுசன், பன்னெண்டு சக்கர வண்டிய காட்டி, "தம்பி, அந்த குடோன் வாசலுக்கு ரிவர்ஸ் எடு"ன்னாரு. இவன் கண்ணாடியப் பாத்து முழிச்சிட்டு இருந்தான். "லைசென்ஸ் இருக்குது, சரி. ஒரு வருசம் க்ளீனரா ஏறிட்டு வா, அப்புறம் பாக்கலாம்"னு அனுப்பிட்டாரு. டேங்கர் ஆபீஸ்ல இன்னும் மோசம், அந்த ஹசார்டஸ் சர்டிபிகேட்ட பாத்ததும் சிரிச்சுட்டாங்களாம். அது மூணு நாள் கோர்ஸ்ங்க, அரசு அங்கீகாரம் குடுத்த இடத்துலதான் படிக்கணும், அப்புறம் ஆர்டிஓல லைசென்ஸ்லயே பதிவு ஏத்தணும். உள்ள என்ன சரக்குன்னு காட்ட வண்டில ஒட்டியிருக்கற யுஎன் நம்பர், விபத்தானா எப்படி கையாளணும்னு சொல்ற ஹாஸ்கெம் கோடு, கேபின்ல வெச்சிருக்கற ட்ரெம் கார்டுங்கற அவசர வழிமுறை அட்டை இதெல்லாம் படிக்கத் தெரிஞ்சாத்தான் கவுந்தா, லீக் ஆனா என்ன செய்யணும்னு தெரியும். இவனுக்கு ஒரு மத்தியானம் போட்டோ வாங்கிட்டு கைல பேப்பர குடுத்து அனுப்பியிருக்காங்க.

நானும் அவனும் நேரா போய் கேட்டோம். ஓனர் கோவமே படல, சிரிச்சுக்கிட்டே ஒரு ரெஜிஸ்டர எடுத்துப் போட்டாரு. "தம்பி, எல்லாத்துக்கும் இவரே கையெழுத்து போட்டிருக்காரு, பாருங்க."

விஷயமே இங்கதான் இருக்கு. மோட்டார் வாகன விதிப்படி டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு குறைஞ்சது 30 நாள் டிரெய்னிங், அதுல ஸ்டீயரிங் பிடிச்சு ஓட்டறது மட்டும் 15 மணி நேரம். என்னிக்கு, எத்தனை மணில இருந்து எத்தனை மணி வரைக்கும் ஓட்டினோம்னு எழுதற ரெஜிஸ்டர்தான் ஃபார்ம் 15. டிரெய்னிங் முடிச்சாச்சுன்னு கடைசில ஸ்கூல் குடுக்கற சர்டிபிகேட், அதான் ஃபார்ம் 5, அது இல்லாம டெஸ்டே கிடையாது, அதனால நம்ம குடுமி அவங்க கையில. சேந்த அன்னைக்கே "ஆர்டிஓ ஃபார்ம் தம்பி, வரிசையா போடுங்க"ன்னு வெத்து பக்கத்துல கையெழுத்து வாங்கி, பின்னாடி தேதியும் நேரமும் அவங்களே நிரப்பியிருக்காங்க. நான் பக்கம் பக்கமா போன்ல போட்டோ எடுத்தேன், அப்பத்தான் அந்த சிரிப்பு நின்னுச்சு. ஏன்னா மாட்டுப் பொங்கல் அன்னைக்கு காலைல 7ல இருந்து 8 வரைக்கும் இவன் லாரி ஓட்டினதா எழுதியிருக்குது. அன்னைக்கு இவன் எங்க வீட்டுல மாட்டுக்கு கொம்புக்கு பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தான், அந்த போட்டோவும் தேதியோட என் போன்ல இருக்கு.

ரெண்டு போட்டோவையும் வெச்சு ஆர்டிஓ ஆபீஸ்ல மனு குடுத்துட்டோம், நகல்ல சீல் வாங்கிட்டோம். விதிய மீறினா ஸ்கூல் லைசென்ஸ நிறுத்தி வெக்கவோ ரத்து பண்ணவோ அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சாச்சு. மறுநாளே ஸ்கூல்ல இருந்து "8,000 தரேன், மனுவ வாபஸ் வாங்கிக்கங்க"ன்னு ஃபோன். வாங்கல.

சேரப் போறவங்க, ஆபீஸ் சுவத்துல ஸ்கூல் நடத்தறதுக்கான ஃபார்ம் 11 லைசென்ஸ் ஒரிஜினல் மாட்டியிருக்கான்னு பாருங்க, அது எந்த வகை வண்டிக்குன்னும் படிங்க. வண்டில ஏறி டூயல் கண்ட்ரோல், அதான் மாஸ்டர் பக்கமும் பிரேக், க்ளட்ச், இருக்கான்னு பாருங்க. ஃபார்ம் 15ல ஓட்டின அன்னைக்கு, ஓட்டின நேரத்துக்கு மட்டும் கையெழுத்து போட்டு அங்கயே ஒரு போட்டோ எடுத்துக்கங்க. 20 வயசு ஆகலன்னாலும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் ஆகலன்னாலும் "நான் பாத்துக்கறேன்"ன்னு எவனாச்சும் சொன்னா அங்கயே திரும்பி வந்துருங்க. கும்மிடிப்பூண்டில அரசு சாலைப் போக்குவரத்து நிறுவனத்தோட டிரெய்னிங் இருக்கு, தூரம்தான், ஆனா விசாரிச்சுப் பாருங்க.

மச்சான் இப்ப அதே சங்ககிரி ஓனர் கிட்ட க்ளீனரா ஏறியிருக்கான். மனு நம்பர் வந்துருக்கு, விசாரணைக்கு இன்னும் கூப்பிடல. இந்த மாதிரி மனு குடுத்து முழு காசும் திரும்ப வாங்கினவங்க யாராச்சும் இருந்தா எப்படி எழுதினீங்கன்னு சொல்லுங்க.