மின்வெட்டு இரவுகளும் சந்தாவோடு வந்த கைபேசி விளையாட்டுகளும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்கே, மெர்பேங்கில் உள்ள எங்கள் வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் சந்தா எடுத்தது படங்களுக்காகத்தான். அதே சந்தாவில் கைபேசி விளையாட்டுகளும் அடங்கியிருக்கின்றன என்பதை, அவை வெளிவந்து பல மாதங்கள் கழித்தே கவனித்தேன். 2021 நவம்பரில் முதலில் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கும், அடுத்த வாரமே ஐபோன்களுக்குமாக ஐந்து விளையாட்டுகளுடன் தொடங்கிய அந்தப் பகுதியை நான் திறந்து பார்த்தது 2022 நடுவில். அதற்குக் காரணம் பொழுதுபோக்கு ஆசை அன்று. அந்த ஆண்டின் மின்வெட்டு.

லோட் ஷெட்டிங் என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்த முறைவைத்த மின்வெட்டு, 2022 இறுதியிலும் 2023 முழுவதிலும், ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வந்தது. மின்சாரம் போனால் வீட்டு வைஃபை போகும். சற்று நேரத்தில் கைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்து கைபேசி இணைப்பும் தளர்ந்துவிடும். இணைப்பு இருந்தாலும் அதை விளையாட்டுக்குச் செலவழிக்க மனம் வராது. இந்நாட்டில் டேட்டா விலை எவ்வளவு பெரிய பொதுப் பிரச்சினையாக இருந்தது என்பதை, 2016இல் எழுந்த 'டேட்டா மஸ்ட் ஃபால்' இயக்கத்தையும், விலையைக் குறைக்க வேண்டும் என்று 2019 டிசம்பரில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் வெளியிட்ட அறிக்கையையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். ஆகவே, இணையம் இல்லாமலே ஓடும், கையில் இருக்கும் மின்கலத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது.

இலவச விளையாட்டுகளை அதற்கு முன்பே முயன்று கைவிட்டிருந்தேன். அப்போது எட்டு வயதான என் மகள், பெயர் சொல்ல விரும்பாத ஓர் இலவச விளையாட்டில், வண்ணக் கற்கள் நிறைந்த ஒரு பெட்டியைத் திறப்பதாக எண்ணி அழுத்திய பொத்தான், ஒரு மாதச் சந்தாவைவிட அதிகமான தொகையை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. அவள் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. குழந்தையின் ஆர்வத்தையே கண்ணியாக வைத்துப் பணம் பறிக்கும் வடிவமைப்பு அது. சந்தாவோடு வரும் விளையாட்டுகளில் விளம்பரம் இல்லை, உள்ளே வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை, எந்தத் திட்டத்தில் இருந்தாலும் தனிக் கட்டணம் இல்லை. நான் இவற்றில் நிலைத்ததற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் இன்னொரு காரணத்தை விளையாட விளையாடத்தான் உணர்ந்தேன். உங்களிடம் மேலும் மேலும் விற்க வேண்டிய கட்டாயம் இல்லாத விளையாட்டு, ஒரு கதையைப் போலத் தொடங்கி ஓரிடத்தில் முடிய முடியும். அப்படி முடிகின்ற விளையாட்டுகளே இந்தச் சந்தாவில் விளையாடத் தக்கவை என்பது என் முடிவு.

செயலியில் விளையாட்டுகளுக்கென ஒரு வரிசை இருக்கும். அதில் ஒன்றை அழுத்தினால் பிளே ஸ்டோருக்கோ ஆப் ஸ்டோருக்கோ அழைத்துச் செல்லும். அங்கே தனிச் செயலியாகப் பதிவிறக்கி, சந்தாக் கணக்கால் உள்நுழைய வேண்டும். படத்தைப் போல இணையத்திலிருந்து ஓடையாக (ஸ்ட்ரீமிங்) வந்து ஓடுவதில்லை; விளையாட்டு முழுவதும் கைபேசியிலேயே தங்குகிறது. சில நூறு மெகாபைட்டில் அடங்குபவையும் உண்டு, சில ஜிகாபைட் கேட்பவையும் உண்டு. எனவே வைஃபை இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். எல்லா விளையாட்டும் இணையமின்றி ஓடும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் செய்வது இதுதான்: இறக்கியவுடன் ஒருமுறை உள்நுழைந்து, பிறகு கைபேசியை இணைப்பைத் துண்டிக்கும் விமானப் பயன்முறைக்கு மாற்றி, மறுபடி திறந்து பார்ப்பேன். திறக்காதவற்றை அன்றே நீக்கிவிடுவேன்.

இருட்டு நேரங்களில் முதலில் எனக்குத் துணையானது 'இன்டு த ப்ரீச்'. சப்செட் கேம்ஸ் என்னும் சிறு குழு 2018இல் கணினிக்கு உருவாக்கிய இது, 2022 ஜூலையில் இந்தச் சந்தா வழியாகக் கைபேசிக்கு வந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட பலகை, உங்கள் பக்கம் மூன்று இயந்திர வீரர்கள், எதிர்ப்பக்கம் நிலத்தடியிலிருந்து எழும் பூச்சி அரக்கர்கள். ஒவ்வோர் அரக்கனும் அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறான் என்பது உங்கள் முறை வருமுன்பே காட்டப்பட்டுவிடும். எனவே இங்கே கைவேகத்துக்கு வேலையில்லை. ஆடுபுலி ஆட்டத்தில் ஓர் ஆட்டை நகர்த்துமுன் நான்கு நகர்வு யோசிப்பதைப் போன்ற பொறுமைக்குத்தான் வேலை. எதிரியைக் கொல்வதைவிட, அவனை ஒரு கட்டம் தள்ளி, அவன் அடி அவனுடைய தோழன் மீதே விழும்படி செய்வதுதான் பெரும்பாலும் சரியான நகர்வு. மக்கள் வாழும் கட்டடங்கள் அடிபட்டால் மின்தொகுப்பின் வலு குறைகிறது; அது பூஜ்யமானால் ஆட்டம் தோல்வி. விளக்கில்லாத வீட்டில் அமர்ந்து, திரையில் ஓர் ஊரின் மின்சாரத்தைக் காக்க அரை மணி நேரம் யோசித்த இரவுகள் எனக்கு உண்மையாகவே ஆறுதல் தந்தன. ஒரு போர் நான்கைந்து முறைகளில் முடிந்துவிடுவதால், மின்சாரம் திரும்பியதும் எழுந்து சோறு வடிக்கப் போகலாம். விட்ட இடம் அப்படியே இருக்கும்.

'டெர்ரா நில்' பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் வெளிவந்த இதை உருவாக்கிய ஃப்ரீ லைவ்ஸ் நிறுவனம் நம் கேப் டவுனைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறியாமலே விளையாடுகிறார்கள். நகரம் கட்டும் விளையாட்டுகளின் வழக்கத்தை இது தலைகீழாக்குகிறது. வெந்து வறண்ட ஒரு நிலம் உங்களிடம் தரப்படுகிறது. பாறைகளின் மேல் காற்றாலை நிறுவி, அதன் மின்சாரத்தில் மண்ணின் நச்சை நீக்கி, பிறகு நீர் பாய்ச்சினால் புல் முளைக்கிறது. அடுத்த கட்டத்தில் சதுப்பு நிலமும் காடும் பூவெளியும் உண்டாக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில், நீங்கள் வைத்த ஒவ்வொரு கருவியையும் பிரித்தெடுத்து, வான்கப்பலில் ஏற்றிக்கொண்டு, அங்கே மனிதர் வந்த சுவடே இல்லாமல் கிளம்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் அகற்றினால்தான் அந்த ஆட்டம் நிறைவுறும்.

இதில் ஃபைன்போஸ் என்னும் நம் கேப் பகுதியின் புதர்வெளி ஓர் இயற்கைச் சூழலாகவே இடம்பெறுகிறது. தீயையும் நீங்களே மூட்ட வேண்டும். எரிந்து சாம்பலான இடத்தில்தான் காடு நன்றாக எழும்பும். மேற்குக் கேப் மாகாணத்தின் ஃபைன்போஸ் செடிகள் பலவற்றின் விதைகள் தீயும் புகையும் பட்ட பிறகே முளைக்கின்றன என்ற உண்மையைப் பாடப்புத்தகத்தில் படித்தபோது என் மகளுக்கு அது வெறும் மதிப்பெண்ணாக இருந்தது. இங்கே தன் விரலால் தீயிட்டு, பச்சை திரும்பும்வரை காத்திருந்த பிறகு அது அவளுக்கு விளங்கிவிட்டது. கணினியில் ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடை வழியாக இதை வாங்குபவர்கள் தரும் தொகையின் இலாபத்தில் ஒரு பங்கு, அழிவின் விளிம்பிலுள்ள விலங்குகளுக்காகத் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றும் என்டேஞ்சர்ட் வைல்ட்லைஃப் டிரஸ்ட் அமைப்புக்குச் செல்வதாகவும் உருவாக்கியவர்கள் அறிவித்திருந்தார்கள்.

எங்கள் பகுதியைப் பற்றி அறிந்தவர்களுக்கு நான் ஏன் இதில் இவ்வளவு ஒன்றிப்போனேன் என்பது புரியும். தென் டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். வீட்டுக்கு ஒருவராவது மூச்சுத் திணறலுக்கான இழுப்புக் குழாய் (இன்ஹேலர்) வைத்திருப்பது எங்கள் தெருவில் அதிசயமன்று; என் அம்மாவும் வைத்திருக்கிறார். "இந்த மெஷினை நம்ம ஊருக்கும் கொண்டுவா, கண்ணு" என்று, மண்ணைச் சுத்தம் செய்யும் கருவியைக் காட்டிப் பேத்தியிடம் அவர் சொன்னார். அதற்குப் பிறகு ஆயாவும் பேத்தியும் சேர்ந்தே விளையாட்டில் வரும் ஆற்றுப் பள்ளத்தாக்கை முடித்தார்கள். நான்கு முதன்மை நிலப்பகுதிகளை முடிக்க எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாத மாலைகள் ஆயின.

'ஸ்பிரிட்ஃபேரர்' வேறு வகை. 2022 இறுதியில் கைபேசிக்கு வந்த இதில், ஸ்டெல்லா என்னும் பெண் இறந்தவர்களின் ஆன்மாக்களைத் தன் படகில் ஏற்றி, அவர்களுக்கு வீடு கட்டித் தந்து, பிடித்ததைச் சமைத்துக் கொடுத்து, கேட்கும்போது கட்டியணைத்து, அவர்கள் ஆயத்தமானதும் மறுவுலக வாசலுக்குக் கொண்டுபோய் விடுகிறாள். என் அப்பா 2021இல், பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் மறைந்தார். கருமாதிக்கு உறவினர் எல்லோரும் கூட முடியவில்லை. சொல்ல வேண்டியவை பல சொல்லப்படாமலே நின்றன. ஒவ்வோர் ஆன்மாவுக்கும் பிடித்த உணவு எது, பிடிக்காதது எது என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளும் அந்தச் சிறு வேலையில் நான் அழுதிருக்கிறேன். இதை வேகமாக விளையாடக் கூடாது. இருபத்தைந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் இதனை நான் ஆறு மாதங்கள் நீட்டினேன். அண்மையில் ஒருவரை இழந்தவர்கள் தொடங்குமுன் தங்கள் மனநிலையைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிறிய திரையில் உரையாடல்களைப் படிக்க என் கண்களுக்குச் சிரமம் இருந்ததால், பெரும்பகுதியை மகளின் டேப்லட்டில்தான் முடித்தேன்.

'பிஃபோர் யுவர் ஐஸ்' ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கைபேசியின் முன்புறக் கேமரா நீங்கள் கண் சிமிட்டுவதைக் கண்டறிந்து, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கதையில் காலத்தை முன்னோக்கி நகர்த்திவிடுகிறது. பார்த்துக்கொண்டே இருக்க ஆசைப்படும் காட்சி, சிமிட்டிய கணத்தில் போய்விடும். இதற்கு முகத்தில் நல்ல வெளிச்சம் வேண்டும். மின்வெட்டில் மெழுகுவத்தி ஒளியில் முயல வேண்டாம், பகலில் சன்னலோரம் அமர்ந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

லண்டனைச் சேர்ந்த உஸ்டூ நிறுவனத்தின் 'மானுமென்ட் வேலி' வரிசையின் மூன்றாம் பாகம் 2024 டிசம்பரில் வந்தது, எங்கள் பள்ளிக் கோடை விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தியது. கலங்கரை விளக்கத்தில் தொழில் பழகும் நூர் என்னும் பெண், கண்ணை ஏமாற்றும் கட்டடங்களைத் திருப்பித் திருப்பி வழி காண்கிறாள். சொற்கள் மிகக் குறைவு. நான் விளையாடியவற்றில் எதிலும் தமிழ் வரிகளைக் கண்டதில்லை. ஆனால் இந்தச் சொற்குறைவையே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பயன்படுத்திக்கொண்டேன். வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் நம் பிள்ளைகள், "நூர் படியில் ஏறுகிறாள், தூணைத் திருப்பினால் படி பாலமாகிறது" என்று தாங்களாகவே தமிழில் சொல்லத் தொடங்கினார்கள். வேற்றுமை உருபுகளை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியதைவிட அது விரைவாகப் பதிந்தது.

அந்த மூன்று பாகங்களும் 2025 ஜூலையில் பட்டியலிலிருந்து விலகின. ஐபோனுக்கு மட்டும் வந்திருந்த 'ஹேடீஸ்' என்னும் விளையாட்டு அதே மாதத் தொடக்கத்தில் போயிற்று. என் தம்பி அதைப் பலமுறை முடித்திருந்தான்; ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் நான் அவன் கைபேசியில் பார்த்ததோடு சரி. உரிம ஒப்பந்தத்தின் காலம் முடிந்தால் படங்கள் மறைவதைப் போலவே விளையாட்டுகளும் மறையும். படம் போனால் இரண்டு மணி நேர இழப்பு. பாதியில் நிற்கும் விளையாட்டு போனால் பல வாரங்களின் உழைப்பு போகும். முடிகின்ற விளையாட்டுகளைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். முடித்துவிட்ட ஒன்றை யாரும் நம்மிடமிருந்து எடுக்க முடியாது.

2023 டிசம்பரில் பெரும் ஆரவாரத்துடன் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' தொகுப்பு எனக்குப் பொருந்தவில்லை; வன்முறை நிறைந்த அது குழந்தைகள் கையில் சேரக் கூடியதுமன்று. பெரியவர்களுக்கான சுயவிவரத்துக்கு ரகசிய எண் (PIN) வைத்தால், விளையாட்டைத் திறக்கும்போதும் அதே எண்ணைக் கேட்கும் என்பதால் பெற்றோர் முதல் நாளே அதை அமைத்துவிட வேண்டும். ஒற்றை விரலால் மேலே மேலே துள்ளிச் செல்லும் 'பாய்ன்பி'யைப் பல் மருத்துவரிடம் காத்திருக்கும் பத்து நிமிடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மின்வெட்டு இப்போது பெருமளவு குறைந்துவிட்டது. பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று விளையாட்டு வரிசையைத் திறந்து, விரைவில் விலகும் என்ற அடையாளம் எதன் மீதாவது விழுந்திருக்கிறதா என்று மகளும் நானும் பார்க்கிறோம். விழுந்திருந்தால் மற்றவற்றை ஒதுக்கிவைத்து அதை முதலில் முடிக்கிறோம். எங்கள் கைபேசிகளில் இருப்பவற்றில் இம்மாதம் அந்த அடையாளம் எதிலும் இல்லை. ஆகவே ஆயா தன் கண்ணாடியைத் தேடி எடுத்துவரும்வரை எதையும் தொடங்கக் கூடாது என்று மகள் சொல்லியிருக்கிறாள்.