தம்பி படித்த பல்கலைக்கழகம்: கட்டிய காசுக்குத் தேறுமா?

பெயர் வேண்டாம், சென்னைப் பக்கம் இருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம்தான். தம்பி அங்கே பி.டெக் முடித்துவிட்டான். நான்கு வருடத்துக்குக் கட்டணம் 14 லட்சம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 19. அதில் ஏழரை லட்சம் வங்கிக் கடன், மீதி அப்பாவின் பிஎஃப், அம்மாவின் வளையல்.

குறை மட்டும் சொல்லக்கூடாது, லேப் நிஜமாகவே நன்றாக இருக்கிறது, நூலகம் இரவு வரை திறந்திருக்கும். மெஸ் சாம்பார் மட்டும் பருப்பைத் தேடித் துழாவ வேண்டிய சாம்பார்.

ஆனால் வாசலில் 40 லட்சம் சம்பளம் என்று ஒரு பையன் படத்தைப் பெரிதாக ஒட்டியிருப்பார்களே, அவன் ஒருவன்தான். தம்பிக்கும் அவன் அறைக்காரர்கள் மூவருக்கும் கிடைத்தது வருடம் 3.6 லட்சம். பிஎஃப், காப்பீடு, கிராஜுவிட்டி என்று பிடித்தது போகக் கையில் 25,000. படிப்புக் காலத்து வட்டியும் ஏறி கடன் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, பத்து வருடத் தவணை மாதம் 13,400. வேளச்சேரியில் பிஜி வாடகை 8,000 கொடுத்தபின் மிச்சத்தை நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதே நிறுவனத்தில் அதே சம்பளத்துக்கு அவன் பக்கத்து சீட்டில் இருப்பவன் கவுன்சிலிங்கில் கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரிக்குப் போனவன். அரசு ஒதுக்கீட்டில் வருடம் 50,000 கட்டணம்!

அட்மிஷனுக்குப் போனால் அதிகபட்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். உங்கள் பிரிவில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை, நடுவில் நிற்பவனுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டபோது டீ கொடுத்தார்கள்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் லேபுக்காக.